அம்மாவும் மூவாயிரம் வருஷத்துச் சட்டிபானையும்

"எங்கேய்யா போறீங்க?" என்றார் மேனேஜர். லீவ் லெட்டரை டியூப் லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார், கள்ள நோட்டைச் சோதிக்கிற மாதிரி.

"ஆதிச்சநல்லூர் ஸார். திருநெல்வேலி பக்கம்."

"அங்கே என்ன விசேஷம்?"

"பானை ஸார்."

கண்ணாடியைக் கழற்றினார். "பானை பார்க்க ரெண்டு நாள் லீவா? தை பிறக்கப் போகுது. நம்ம தெருமுனையிலேயே லாரியில் வந்து இறங்குமே!"

"இது மூவாயிரம் வருஷத்துப் பானை ஸார். செத்துப் போனவங்களோட சேர்த்துப் புதைச்சது..."

'செத்துப் போனவங்க' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டார். சாவுக்குக் கேட்கிற லீவை மறுப்பதில்லை என்பது அவர் கொள்கை. செத்தது யார், எந்த வருஷம் என்கிற விவரத்துக்குள் நானும் போகவில்லை.

உண்மையைச் சொன்னால் பானை மேல் எனக்குப் பெரிய காதல் கிடையாது. பத்து வருஷத்துக்கு மேலாக தினமும் எழும்பூர் மியூசியத்தைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன். ஒரே ஒரு முறை உள்ளே நுழைந்திருக்கிறேன், அதுவும் மழைக்கு ஒதுங்கி. போன வாரம் அம்மாதான் போனில் ஆரம்பித்தாள்.

"ஏல, பக்கத்து வீட்டு அக்கா போயி மதமதக்கா தாழியப் பாத்துட்டு வந்துட்டா. கண்ணாடி போட்டு வச்சிருக்காவளாம். அறுபத்தெட்டு வயசு ஆயிட்டு, இந்தா இருக்கிற எடத்த நான் பாத்ததில்ல."

அம்மா இருப்பது பாளையங்கோட்டையில். ஆதிச்சநல்லூர் அங்கிருந்து ஒரு சினிமாவின் இடைவேளைக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரம். திருச்செந்தூருக்கு நூறு தடவை அந்த வழியாகவே போய் வந்திருக்கிறாள். முருகனைப் பார்க்கிற அவசரத்தில் யார் பானையைப் பார்ப்பார்கள்?

'மதமதக்கா தாழி' என்றால் உங்களில் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு உடனே வயிற்றைக் கலக்கும். எல்லாம் பாட்டிமார்கள் செய்த வேலை. அந்தக் காலத்தில் மனுஷனுக்குச் சாவே கிடையாதாம். வயசாக வயசாகச் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் விளக்கு வைக்கிற மாடக்குழியில் உட்கார்கிற அளவுக்கு ஆகிவிடுவார்களாம். கண்ணு மட்டும் முழித்துக்கொண்டிருக்குமாம். பேரன் பேத்திகள் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பெரிய தாழி ஒன்று செய்து, உள்ளே கிழத்தை உட்கார வைத்து, சோறு தண்ணி வைத்து, ஒரு விளக்கும் ஏற்றி வைத்து மூடிவிடுவார்களாம். இந்தக் கதையைக் கேட்ட ராத்திரி எங்கள் வீட்டு நெல் குதிருக்குள் யாரோ இருமுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

புத்தகத்தில் இதன் பெயர் முதுமக்கள் தாழி. அது வாயில் புரண்டு புரண்டு மதமதக்காவாகி விட்டது. கதை என்னவோ கதைதான். தாழிக்குள் போனவர்கள் செத்தவர்கள். சில தாழிகளில் முழு எலும்புக்கூடு, சிலவற்றில் மண்டை ஓடும் பொறுக்கிச் சேர்த்த எலும்புகளும் மட்டும். கிழவர்களுக்கு மட்டுமான இடமும் இல்லை. கீழடி பக்கத்தில் கொந்தகைச் சுடுகாட்டில் 2020-ல் ஒரு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது. ஆனால் பாட்டி சொன்னதில் ஒரு சங்கதி மட்டும் அட்சர சுத்தமான உண்மை. சோறு தண்ணி வைத்தது!

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை திருச்செந்தூர் பஸ். பச்சை வேட்டி கட்டிய பக்தர்கள் பாதி, மாமியார் வீட்டுக்குப் போகிறவர்கள் மீதி. அம்மாவுக்கு ஜன்னல் ஸீட் கிடைத்தது. மடியில் ஒயர் கூடை. கிருஷ்ணாபுரம் தாண்டும்போது, தண்ணி பாட்டிலை எடுக்கிறேன் என்று கூடைக்குள் கையை விட்டேன். கை பட்ட இடம் சில்லென்று இருந்தது. குனிந்து பார்த்தேன்.

அப்பாவின் டிபன் கேரியர்.

நாலு வருஷமாக நான் அதைப் பார்க்கவில்லை. மூணு அடுக்கு எவர்சில்வர். கீழ் அடுக்கில் ஒரு நசுக்கல், நான் ஏழாவது படிக்கும்போது சைக்கிளோடு விழுந்த ஞாபகார்த்தம். மூடியில் அப்பா பெயர், பாத்திரக்கடையில் உளி வைத்துப் புள்ளி புள்ளியாக வெட்டியது. ஒரு எழுத்துக்குப் புள்ளி விட்டுப் போய், வாழ்நாள் முழுக்க அப்பா அந்தக் கடைக்காரரோடு பேசவில்லை.

முப்பத்தோரு வருஷம் சர்க்கார் ஆபீஸில் கிளார்க் உத்தியோகம். தினமும் காலை எட்டே முக்காலுக்கு இந்தக் கேரியர் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கும். மேலே பொரியல், நடுவில் குழம்பு, கீழே சோறு. ரிட்டயர் ஆன மறுநாள் அம்மா நிம்மதியாகத் தட்டில் சோறு போட்டு வைத்தாள். அப்பா ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது எறங்கலைட்டி, நீ கேரியர்லயே வையி" என்றுவிட்டார். அன்றிலிருந்து அம்மா காலையில் கேரியர் கட்டி அடுக்களை மேடையில் வைப்பாள். சரியாக ஒரு மணிக்கு அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து, கிளிப்பை விடுவித்து, மூணு அடுக்கையும் திண்ணையில் பரப்பி, ஆபீஸ் மாதிரியே உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு ஏப்பம், ஒரு தினத்தாள். எனக்கு எப்போதும் சிரிப்பாக இருக்கும். உங்களுக்கும் இருந்தால் தப்பில்லை.

அவர் போனது ஒரு சனிக்கிழமை, காலை பதினொன்றரைக்கு. கேரியர் கட்டி ரெடியாக மேடையில் இருந்தது.

நான் சென்னையிலிருந்து வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது. மறுநாள் காலை தூக்குகிற நேரம், அம்மா உள்ளே போய் அந்தக் கேரியரைக் கொண்டுவந்து அப்பாவின் தலைமாட்டில் வைத்தாள். எங்கள் பக்கம் பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. "இத மட்டும் கூடக் கொண்டு போயிருங்க" என்றாள்.

நான் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். "என்னம்மா இது... சுடுகாட்டுக்குச் சோத்து கேரியரா? நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்க."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கேரியர் பேச்சே வீட்டில் எழுந்ததில்லை. இன்றைக்கு ஒயர் கூடையில், திருச்செந்தூர் பஸ்ஸில், என் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது.

"என்னம்மா, கேரியர்?"

"சாப்பாடு கொண்டு வராண்டாமா? அங்கன ஓட்டல் இருக்கோ என்னமோ" என்றாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

* * *

திருநெல்வேலியிலிருந்து 24 கிலோமீட்டர். கருங்குளம் தாண்டியதும் கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டு, "மொதல்லயே சொல்லாண்டாமா அண்ணாச்சி" என்று உங்களையே திட்டுவார்.

இறங்கினால் ஒரு பக்கம் தாமிரபரணி வளப்பம் - வயல், வாழை, தென்னை. இன்னொரு பக்கம் செக்கச்செவேல் என்று சரளைக்கல் மேடு. உடைமரமும் முள்ளுமாக, ஆடு மேய்க்கவே யோசிக்கிற பூமி. இதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் பரம்பு. தொல்லியல் துறை பாதுகாக்கும் நிலம் மட்டும் 114 ஏக்கர். ரோடு இதை ஊடறுத்துக்கொண்டு போகிறது.

அந்தக் காலத்து ஆசாமிகளின் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தண்ணி பாய்கிற நிலத்தில் ஒரு அடி கூடச் செத்தவனுக்குக் கொடுக்கவில்லை. ஆறு ஏறாத மேட்டை, ஒன்றும் விளையாத கட்டாந்தரையை ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் ஒதுக்கியதோடு விட்டுவிடவும் இல்லை. மேலே சரளை, கீழே இறுகிய பாறை. அதில் குழி வெட்டி, மார்பளவு உயரத்துக்குத் தாழியை இறக்கியிருக்கிறார்கள். வயலில் நாத்து நடுவதை விட இது கஷ்டமான வேலை.

இந்த மேட்டுக்குக் கீழே ஒரு மாபெரும் சுடுகாடு - சுடாத சுடுகாடு - இருக்கிற விஷயம் வெளி உலகத்துக்குத் தெரிந்தது 1876-ல். பெர்லினிலிருந்து டாக்டர் ஜாகோர் என்றொரு ஜெர்மன்காரர் வந்து தோண்டினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை மண்பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள், மண்டை ஓடுகள். அள்ளிக்கொண்டு போய் பெர்லின் மியூசியத்தில் சேர்த்தார். 1903-1904 வாக்கில் பாரீஸிலிருந்து லூயி லாப்பிக் வந்தார். அவர் பங்கு பிரான்ஸுக்குப் போயிற்று. நடுவில் 1899 முதல் 1905 வரை நிதானமாக உட்கார்ந்து தோண்டியவர் அலெக்ஸாண்டர் ரீ. தொல்லியல் துறை அதிகாரி. அவர் எடுத்தவைதான் எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. கிடைத்ததை எல்லாம் ஒன்று விடாமல் பட்டியல் போட்டு 1915-ல் ஒரு புத்தகமே வெளியானது. என் ஆபீஸில் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதுகிற ஆளுக்கு அதை ஒரு முறை காட்டவேண்டும்.

"எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டானுவளா? அப்பம் நமக்கு என்னத்தல வச்சிருக்காவ?" என்றாள் அம்மா கவலையோடு. பஸ் காசு வீணாகிவிடுமோ என்கிற கவலை.

நிறையவே மிச்சம் வைத்திருந்தார்கள். 2004-ல் தொல்லியல் துறையின் டாக்டர் சத்தியமூர்த்தி தலைமையில் மறுபடி தோண்டினார்கள். சுமார் 600 சதுர மீட்டருக்குள் 150-க்கும் மேற்பட்ட தாழிகள்! நம்ம ஊர் கல்யாண மண்டபம் ஒன்றின் பரப்பளவில். ஒரு தலைமுறையின் தாழிகளுக்கு மேல் இன்னொரு தலைமுறை, அதற்கு மேல் இன்னொன்று என்று மூன்று அடுக்காக. (மூணு அடுக்கு என்றதும் எனக்கு ஒயர் கூடை ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்கலாம். பேசவில்லை.) அப்புறம் 2021-ல் மறுபடி ஒரு சுற்றுத் தோண்டல். 2023 ஆகஸ்டில், தோண்டிய குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டுப் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள்.

அந்தக் கண்ணாடி வாசலில்தான் பிரச்னை ஆரம்பித்தது. அம்மா காலை வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"உடையாதும்மா. கனமான கண்ணாடி."

"அது தெரியும்ல. செத்தவுக தலைக்கு மேல எப்பிடி நடக்க?"

வாசலில் இருந்த பெரியவர் சிரித்தார். "நெறைய பேரு அப்பிடித்தாம்மா சொல்லுதாவ. ஒண்ணும் நெனைக்க மாட்டாவ, வாங்க."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் பிராகாரத்தில் நடக்கிற மாதிரி ஓரமாகவே நடந்தாள். பின்னால் வந்த காலேஜ் பையன்கள் நாலு பேரும் என்ன நினைத்தார்களோ, அவர்களும் ஷூவைக் கழற்றினார்கள்.

* * *

கீழே தாழிகள். சில முழுசாக, சில விண்டு போய், சில வாயைப் பிளந்துகொண்டு. உள்ளேயும் சுற்றிலும் சின்னச் சின்னப் பாத்திரங்கள். நான் புத்தகத்தில் படித்துக்கொண்டு வந்ததை எல்லாம் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லி அசத்தலாம் என்றிருந்தேன். "இதுதாம்மா கறுப்பு - சிவப்புப் பாண்டம்... இரும்புக் காலம்..." என்று ஆரம்பித்தேன். அம்மா காதிலேயே வாங்கவில்லை. குனிந்து, கண்ணாடி மேல் ரெண்டு கையையும் ஊன்றி, மளிகைக் கடையில் சாமான் சரிபார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தா குறுகுன கழுத்து, அது தண்ணிக்கு. இந்தச் சட்டி கொழம்புக்கு. சப்பையா இருக்கு பாரு, அது தின்னுத வட்டில். இந்த வளையம் எதுக்கு? வளையல் மாரி..."

"பானை உருளாம இருக்க, கீழே வைக்கிறதும்மா. மண்ணிலேயே செஞ்சது."

"பிரிமணை!" என்றாள் அம்மா. குரலில் ஒரு சந்தோஷம், பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி. எங்கள் வீட்டில் வைக்கோல் பிரிமணை இருந்தது. இவர்கள் அதை மண்ணில் செய்து சுட்டிருக்கிறார்கள். உருண்டை அடிப் பானை எந்தக் காலத்திலும் உருளத்தானே செய்யும்? செத்தவன் வீட்டிலும் பானை உருண்டு குழம்பு கொட்டிவிடக் கூடாது என்று ஒருத்தி பிரிமணையும் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒருத்தி என்று எப்படிச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும். ஆம்பளைக்கு பிரிமணை ஞாபகம் வராது.

அங்கிருந்த பெரியவருக்கு அம்மாவைப் பிடித்துப்போய்விட்டது. கறுப்பு - சிவப்பு ரகசியத்தை விளக்கினார். ஒரே கிண்ணம், உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பு, வெளியே சிவப்பு. ரெண்டு சாயம் பூசியதில்லை. சூளையில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, வாய்ப்பக்கம் உமியோ தழையோ போட்டு அடைத்துவிடுவது. உள்ளே காற்றுப் புகாமல் புகை அப்பிக் கறுத்துவிடும். வெளிப்பக்கம் காற்றும் தீயும் பட்டு, மண்ணில் இருக்கிற இரும்புச் சத்து சிவந்துவிடும். சுடுவதற்கு முன் வழவழக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றியிருப்பதால் இன்னும் பளபளக்கிறது.

"அடியில கரியே இல்லயே. புதுசு வாங்கி வச்சிருக்காவ" என்றாள் அம்மா.

"கிண்ணத்தை யாரும்மா அடுப்பில வைப்பா? தவிர, எடுத்தவங்க கழுவியிருப்பாங்க" என்றேன்.

"கழுவுனாலும் கரி போவாது. ஒனக்கு என்ன தெரியும், ஒரு நா வெளக்கிருக்கியா?"

பதில் இல்லை. உங்களில் எத்தனை பேரிடம் இருக்கும்?

தாழிகளைச் சுற்றி இரும்பு வாள், ஈட்டி, கோடாரி எல்லாம் கிடைத்திருக்கின்றன. ரீ ஒரு விஷயம் கவனித்து எழுதியிருக்கிறார்: ஆயுதங்களின் முனை கீழ்நோக்கியே இருந்ததாம், சுற்றி நின்று அழுதவர்கள் ஒவ்வொருவராகக் குத்தி இறக்கிவிட்டுப் போன மாதிரி. நெற்றியில் கட்டுகிற தங்கப் பட்டம் கூட உண்டு. இலை வடிவத்தில், மெல்லிசாக, கயிறு கோர்க்க நுனியில் துளையோடு. இங்கே 2022-லும் ஒன்று கிடைத்தது. எழும்பூரில் மழைக்கு ஒதுங்கியபோது நான் பார்த்தது இந்தத் தங்கத்தைத்தான். சட்டிபானைகள் இருந்த அலமாரி பக்கம் திரும்பவே இல்லை.

2004-ல் கிடைத்த ஒரு பானை ஓட்டில் படமே இருக்கிறது. களிமண்ணைத் திரித்து ஒட்டிச் செய்த புடைப்புச் சித்திரம். ஒல்லியாக, உயரமாக ஒரு பெண், பக்கத்தில் மரம், மரத்தில் அலகில் மீனோடு ஒரு கொக்கு, கீழே மான், முதலை. ஆற்றங்கரையை அப்படியே கூடக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். சோறு மட்டும் போதாது, அவன் பார்த்துப் பழகிய ஊரும் வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

"உள்ள என்ன வச்சிருந்தாவன்னு தெரியுமா அண்ணாச்சி?" அம்மா பெரியவரைக் கேட்டாள்.

"நெல்லு உமி கெடைச்சிருக்கும்மா. தெனை வகையும் உண்டும்பாவ."

இது வாட்ச்மேன் கதை இல்லை. ரீயின் குறிப்பிலேயே இருக்கிறது. தாழிக்குள் இருந்த சில பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும். அதைவிடப் பெரிய சங்கதி ஆற்றுக்கு அந்தப் பக்கம், சிவகளையில் நடந்தது. அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டிய ஒரு தாழிக்குள் நெல் கிடைத்தது. அதை அமெரிக்காவில் மயாமியில் இருக்கிற பீட்டா அனலிடிக் என்ற பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். வந்த பதில்: கி.மு. 1155. 2021-ல் சட்டசபையிலேயே இதை அறிவித்தார்கள். அதே சிவகளைத் தாழிகளில் எடுத்த கரித்துண்டுகளுக்கு கி.மு. 3345 வரை போகிற தேதிகள் வந்திருப்பதாக 2025 ஜனவரியில் அரசு ஒரு அறிக்கை வெளியிட்டது. பஸ்ஸில் எனக்குப் பின் ஸீட்டில் ரெண்டு பேர் அதைப் பற்றிக் கைகலப்பு அளவுக்கு விவாதித்துக்கொண்டு வந்தார்கள். நான் கலந்துகொள்ளவில்லை. எனக்கு அந்த நெல்லே போதும்.

அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். "நெல்லப் பாத்து வருசம் எப்பிடிச் சொல்லுவாவ? நெல்லுல எழுதியா இருக்கு?"

ஒரு வகையில் எழுதித்தான் இருக்கிறது. பயிர் உயிரோடு நிற்கிற வரை காற்றிலிருந்து கார்பனை இழுத்துக்கொண்டே இருக்கும். அதில் கார்பன் - 14 என்று கொஞ்சம். அறுத்த நிமிஷம் இழுப்பது நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் உள்ளே இருக்கிற கார்பன் - 14 கரைய ஆரம்பிக்கும். 5,730 வருஷத்தில் பாதியாகும். எவ்வளவு மிச்சம் என்று எண்ணிப் பார்த்தால், அறுத்து எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆக அந்த தேதி, செத்தவர் தேதி இல்லை. நெல் அறுத்த தேதி.

இதை நான் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டாள்: "அப்பம் அது அந்த வருசத்துப் புது நெல்லா?"

விஞ்ஞானிகள் யாராவது இந்தக் கேள்வி கேட்டிருக்கிறார்களா தெரியாது. செத்த வீட்டில், குதிரிலிருந்து பழைய நெல்லை எடுப்பதா, புது நெல்லை எடுப்பதா என்று ஒரு நிமிஷம் யாரோ யோசித்திருப்பார்கள்தான்.

இன்னொன்றும் சொன்னேன். புறநானூறில் 256-வது பாட்டு ஒரு பெண் குயவனிடம் பேசுவது. புருஷனை அடக்கம் செய்யத் தாழி செய்கிறவனிடம், கொஞ்சம் அகலமாகச் செய், எனக்கும் அதில் இடம் வேண்டும் என்கிறாள். அம்மா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "ம்" என்றாள். கண்ணாடி மேல் ஊன்றிய கையை எடுக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தாழில நாலு பாத்திரம். அந்தா அதுல ஆறு. அந்த ஓரத்துல கெடக்கே, அதுல ஒண்ணே ஒண்ணு." கொஞ்ச நேரம் அந்த ஒற்றைக் கிண்ணத்தையே பார்த்தாள். "அந்த ஆளுக்கு யாரும் இல்ல போல."

* * *

வெளியே வந்து உடைமர நிழலில் உட்கார்ந்தோம். நிழல் என்றால் சல்லடை நிழல். அம்மா கேரியரை எடுத்து, கிளிப்பை விடுவித்து, மூணு அடுக்கையும் வரிசையாகப் பரப்பினாள். புளியோதரை, அவித்த முட்டை, மேலே நார்த்தங்காய் ஊறுகாய். காக்கா ஒன்று வந்து கொஞ்ச தூரத்தில் நின்றது. ஒரு உருண்டை பிடித்து அதற்கு வைத்தாள்.

எனக்கு இறங்கவில்லை.

அன்றைக்கு நான் எல்லாமே செய்தேன். கேட்காமல், கேள்வி கேட்காமல் செய்தேன். அப்பா வாயில் வாய்க்கரிசி போடச் சொன்னார்கள், போட்டேன். ஏன் அரிசி என்று கேட்கவில்லை. தோளில் மண்குடம் வைத்து மூணு சுற்று வரச் சொன்னார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஓட்டை போட்டார்கள், தண்ணி பீய்ச்சி அடித்தது, திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டு உடை என்றார்கள், உடைத்தேன். ஏன் பானை என்று கேட்கவில்லை. மூவாயிரம் வருஷத்து அரிசி, மூவாயிரம் வருஷத்துப் பானை. ரெண்டும் என் கையாலேயே போயின. நாலு பேர் சிரிப்பார்கள் என்று அப்போதெல்லாம் தோன்றவில்லை. எவர்சில்வராக இருந்ததுதான் தப்பாகப் போயிற்று. அதில் அவர் பேர் வேறு வெட்டியிருந்தது.

"என்னல, ஒறைக்கா?"

"இல்லம்மா."

"பின்ன சாப்பிடு. பஸ்ஸு வந்துரும்."

காலேஜ் பையன்கள் நாலு பேரும் ஷூவை மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். அம்மா கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கை சோறு வாழை இலைக் கிழிசலில் வைத்துக் கொடுத்தாள். "சூப்பர் பாட்டி" என்றான் ஒருவன். நடு அடுக்கு காலி.

அவர்கள் போகிற வரை பொறுத்திருந்து கேட்டுவிட்டேன். நாலு வருஷமாகக் கேட்காதது.

"அம்மா... அன்னிக்கு நான் எடுத்து வச்சேனே, கேரியர். அந்தச் சோத்தை என்ன பண்ணுனே?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. காலி அடுக்கை தண்ணி ஊற்றி அலசினாள். அந்தத் தண்ணியை வீணாக்காமல் உடைமரத்து மூட்டில் ஊற்றினாள். அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, கிளிப்பைப் போட்டு, சேலைத் தலைப்பால் மூடியைத் துடைத்தாள்.

"என்ன பண்ணுவாவ? கொட்டவா முடியும்? சனிக்கெழம, புளிச்சோறுதான. கெட்டுப் போவாது. நீங்கள்லாம் சுடுகாட்டுக்குப் போன பெறவு, அடுக்களைல உக்காந்து நான்தான் தின்னேன்."

"மூணு அடுக்குமா?"

"மூணும்தான். அவுகளுக்கு வச்சத மிச்சம் வைக்கப்பிடாதுல்லா?"

திருநெல்வேலி பஸ் கருங்குளம் பக்கம் போக வேகமாக வந்துகொண்டிருந்தது. நான் எழுந்து கையைக் காட்டினேன். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது சொன்னாள்:

"உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சுல அன்னைக்கு. அவுக தின்னுருந்தா வீட்ட ரெண்டாக்கிருப்பாவ."